மிஸ் ஆர்லீனின் எண்பது ஏக்கர்

ஹாலோ க்ரீக், அலபாமா
அக்டோபர் 26

அன்புள்ள கார்வின் அண்ணாவுக்கு,

ரொவீனா எழுதுவது. அலாஸ்காவில் இந்நேரம் பனி தொடங்கியிருக்கும். கம்பளி உடுப்பு போதுமானதாக இருக்கிறதா? போனை நீ எடுப்பதில்லை. நீ வேலை செய்யும் மீன் ஆலையின் முகவரி மாறியிருக்காது என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

மிஸ் ஆர்லீன் தன் எண்பது ஏக்கரை விற்றுவிட்டு பர்மிங்ஹாமில் மகளோடு இருக்கப் போகிறார். மரக் கம்பெனி ஒன்று கேட்டும் அவர் தரவில்லை. பைன் வளர்க்கவும் மான் வேட்டைக்கும் என்று சொல்லி அப்பா கேட்டிருக்கிறார். ஆமாம், அதே நிலம்தான். ஆறு வருஷத்துக்கு முன், வேட்டை தொடங்கிய முதல் சனிக்கிழமை, மிஸ் ஆர்லீனின் மகன் டெரல் நேரத்துக்கு முன்பே வேட்டைப் பரணிலிருந்து இறங்கி நடந்து வந்த இடம். புதர் அசைந்ததை மான் என்று நினைத்து நீ சுட்டதில் அவன் உயிர் போன இடம். நம் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதியதற்கு மன்னித்துவிடு.

போன வாரம் மரங்களை அளக்க அப்பாவும் மிஸ் ஆர்லீனும் என்னையும் அழைத்துப் போனார்கள். அளவு நாடாவைச் சுற்றிப் பிடித்து நான் ஒவ்வொரு பைனாக அளந்தபோது அப்பா, “நாலு வருஷம் காலேஜ்ல படிச்சு மரத்தைக் கட்டிப்பிடிக்கக் கத்துக்கிட்டு வந்திருக்கா பாருங்க” என்றார். மிஸ் ஆர்லீன் சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பிறகு வேட்டைக் குடிசையைத் திறந்து காட்டினார். மானைச் சுட்டுத் தவறவிட்டவர்களின் சட்டையிலிருந்து வழக்கப்படி நறுக்கிய துணிகள் இன்னும் சுவரில் ஆணியில் தொங்குகின்றன, பெயரும் தேதியுமாக. டெரலுடையது நான்கு. உன்னுடையது பதினொன்று. மிஸ் ஆர்லீன் விரலால் எண்ணிக்கொண்டே, “உன் அண்ணன் ஒண்ணையும் ஒழுங்காச் சுட்டதே இல்லடி” என்றார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலும். அப்பா தொப்பியைக் கழற்றினார். நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்ததும்தான் அவர் அப்பாவிடம் நிபந்தனையைச் சொன்னார். “உனக்குத்தான் தர்றேன் ஆர்தர். ஆனா பத்திரத்துல உன் பையன் பேரும் இருக்கணும். அவனே வந்து கையெழுத்துப் போடணும். பரணுக்குக் கீழ ரெண்டு ஏக்கர் சும்மா கிடக்கு. அங்க என்ன நடணும்னு அவன் எங்கிட்ட வந்து சொல்லட்டும்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். வேறு வழியின்றி நான்தான், “அவன் வருவானான்னு தெரியல, மிஸ் ஆர்லீன்” என்றேன். “எனக்கும்தான் தெரியல” என்றார் அவர். “ஆனா நீங்க யாரும் அவனை வீட்டுக்கு வான்னு கூப்பிட்ட மாதிரியும் தெரியல.”

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். “நிலம் கிடக்குது, விடு” என்றார். “ஆறு வருஷமா அவனை வான்னு சொல்ல என்னால முடியல, அந்தப் பொம்பள சொல்லிட்டா.” பிறகு வண்டியைக் கிளப்பினார்.

கையெழுத்து நவம்பர் பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணிக்கு, வக்கீல் அலுவலகத்தில். அதற்குள் நீ வராவிட்டால் விற்பனை இல்லை. அப்பா அதைத் தாங்கிக்கொள்வார். ஆனால் மிஸ் ஆர்லீன் பர்மிங்ஹாம் போன பிறகு இப்படி இன்னொரு முறை உன்னைக் கூப்பிடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வழியெல்லாம் கடவுள் உன் கூடவே இருக்கட்டும், அண்ணா. நாங்கள் கூப்பிடுகிறோம். வா.

உன் தங்கை,
ரொவீனா