ஒற்றைக்கால் பூதம் பற்றிய மனுவை வாபஸ் வாங்க வேண்டி

அனுப்புநர்
கா. கண்ணாயிரம் (வயது 43),
உப்பளத் தொழிலாளி,
மேட்டுத் தெரு, மரக்காணம்.

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
திண்டிவனம்.

பொருள்: மரக்காணம் உப்பளத்தில் ஒற்றைக்கால் பூதம் நடமாடுவதாக நான் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறுவதும், பாத்திகளில் மறுபடி வேலை தொடங்க வேண்டுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் நான் கொடுத்த மனு தங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றரை அடி நீளம், மூன்றே விரல், இடது கால் மட்டும், வரப்பை ஒட்டி வரிசையாகப் போன தடம். முதலில் கண்டவன் நான்தான் என்று பெருமையாகக் கையெழுத்தும் போட்டிருந்தேன். ஐயா, அந்தப் பூதம்தான் இப்போது இந்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறது.

2. பலகையால் உப்பு வாரும்போது எங்களுக்கு வலது கால் வரப்பில் இருக்கும், இடது கால் பாத்திக்குள் இருக்கும். என் இடது காலில் உப்புப் புண் அழுகி, போன வருடம் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். யாரும் பார்க்கக் கூடாதென்று துணி சுற்றியே நடப்பேன். ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, துணி நனைந்து எரிந்ததால் அவிழ்த்துவிட்டு வாரினேன். ராத்திரி தூறல் போட்டது. உப்பில் பதிந்த தடம் ஓரம் கரைந்து பெரிதாகிவிட்டது. காலையில் அதைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடியவனும் நான்தான்.

3. கடல் ஊருக்குள் வந்தால் அதன் பின்னாலேயே ஒற்றைக்கால் பூதம் வரும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சுனாமியில் கடல் வந்துவிட்டது. பூதம் மட்டும் வராதென்று எப்படிச் சொல்வது? கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் மாவைக் கரைத்து ஊற்றித் தடத்தை அச்சு எடுத்தார். மறு உத்தரவு வரை யாரும் பாத்தியில் இறங்கக் கூடாதென்று தாங்களும் அறிவிப்பு ஒட்டினீர்கள். என் மனுவை நம்பித்தான் ஒட்டினீர்கள்.

4. அந்த அச்சைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்தபோது ஊரே பார்க்க வந்தது. பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னது அடியேன். என் மனைவி மலர்கொடி வந்து பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஊட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னாள். வீட்டில்தான் விஷயத்தை உடைத்தாள். "தெனமும் மருந்து போட்ட காலு எனக்குத் தெரியாதா? கட்டை வெரலு கோணல் கூட அப்படியே இருக்குது." அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ எங்க மொகத்த வச்சிக்குவ" என்றாள்.

5. வாரிய உப்பு வரப்பில் குவிந்து கிடக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் அத்தனையும் கரைந்து கடலுக்கே போய்விடும். என்னோடு வேலை செய்யும் பாப்பாத்தி வீட்டில் இப்போது ஒரு வேளைதான் அடுப்பு எரிகிறது. நேற்று அவர் என்னிடம் வந்து, "ஏண்ணா, நீதான மொதல்ல பாத்த, அது போயிடுச்சானு நீயே ஒரு தபா பாத்துச் சொல்லேன்" என்று கெஞ்சினார். பார்க்கிறேம்மா என்று குனிந்துகொண்டேன். குனிந்தால் தெரிவதும் அந்தக் கால்தான், ஐயா.

6. அறிவிப்பைக் கிழித்தால் மட்டும் போதாது. பயந்துபோன பெண்கள் இறங்க மாட்டார்கள். ஆகவே ஒரு நாள் குறித்து, ஊர் மக்களையும் பேராசிரியரையும் வரவழைக்க வேண்டுகிறேன். அதே பாத்தியில் எல்லார் முன்னாலும் துணியை அவிழ்த்து, காலைப் பதித்து, ஒரு குடம் தண்ணீர் தெளித்துக் காட்டுகிறேன். அதற்குப் பிறகு தாங்கள் கொடுக்கும் தண்டனை எதுவானாலும் சரி.

7. என் மகள் தமிழ்நிலா எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பூதத்தைப் படமாக வரைந்து, 'முதலில் கண்டவர்: என் அப்பா' என்று எழுதி வகுப்பில் ஒட்டியிருக்கிறாள். ஆகவே தாங்கள் குறிக்கும் நாள் பள்ளிக்கூடம் உள்ள நாளாக இருக்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஊர் சிரிப்பதை அவள் நேரில் கேட்க வேண்டாம்.

இடம்: மரக்காணம்
நாள்: 19.09.2005

இப்படிக்கு,
தலைகுனிந்து,
கா. கண்ணாயிரம்

இணைப்பு: வெள்ளைத்தாளில் மை தடவி எடுத்த என் இடது காலின் தடம்.