கரடி ஏன் கதவை உடைத்தது

அன்பு மகனுக்கு,

அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத வந்து, என் இடது கை மாவுக்கட்டோடு தொங்குவதால் முக்கால் சுகம் என்று திருத்திக்கொள்கிறேன். பதறாதே, எழுதுகிற கை நன்றாகத்தான் இருக்கிறது. போனில் உன் அக்கா பாதியை மறைத்திருப்பாள், அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா புருஷனிடம் அடி தாங்காமல் மகளோடு இங்கே வந்தது உனக்குத் தெரியும். பொடிசு பாடப்புத்தகத்தைக் கடகடவென்று வாசிப்பாள், என்ன வாசித்தாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அதனால் தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு சாயங்காலம் கூடத்தில் கதை வாசிக்க ஆரம்பித்தேன். வாசித்ததைப் பிள்ளைகள் நடித்துக் காட்ட வேண்டும், படம் போட வேண்டும், அடுத்து என்ன ஆகும் என்று அவர்களே சொல்ல வேண்டும். பழைய காலுறையில் பொத்தான் தைத்து ஒரு கரடி செய்தோம். முயல் வீட்டுக் கதவைக் கரடி உடைக்கிற கதை. ஏன் உடைத்தது என்றால் எல்லாப் பிள்ளைகளும் பசி என்பார்கள், பொடிசு மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

போன வாரம் அதை நடித்துக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை வந்தான். உதைத்த உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. கையில் லாரி டயர் கழற்றுகிற இரும்புக் கம்பி. "என் பொண்டாட்டி, என் புள்ள, கேக்க நீங்க யாரு" என்று கத்திக்கொண்டே அக்காவின் கூந்தலைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினான், மறுபடியும் மோதினான். சுவரெல்லாம் ரத்தம். அவள் தலைக்கு ஓங்கிய கம்பி குறுக்கே விழுந்த என் கையில் இறங்கியது, எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பொடிசுதான் பிள்ளைகளை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, பின்வாசல் வழியாக ஓடி எதிர்வீட்டு வெல்டரைக் கூட்டிவந்தாள். அவர் அவனைத் தரையில் போட்டு முகத்திலேயே குத்தினார். மூக்கு உடைந்தது, பல் தெறித்தது, அசையாமல் கிடந்த பிறகும் அவர் விடவில்லை. செத்துத் தொலைந்தால் ஜெயிலுக்குப் போவது நீங்கள்தான் என்று ஒற்றைக் கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இன்னும் ரெண்டு போடட்டும் என்றும் மனசு சொன்னது, உன்னிடம் மறைப்பானேன். பிறகு போலீஸ் வந்து அவனைத் தூக்கிப்போனது. அக்காவுக்கு நெற்றியில் தையல், உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர்.

நேற்று பிள்ளைகள் மறுபடி வந்தார்கள். வேறு கதை வாசிக்கலாம் என்று புத்தகம் தேடினேன், பொடிசு அதே கதைதான் வேண்டும் என்றாள். கரடியைக் கையில் மாட்டிக்கொண்டு, நான் கேட்காமலே, "கரடிக்குப் பசி இல்ல. முயல் தனக்குத்தான் சொந்தம்னு அது நினைச்சுக்கிச்சு" என்றாள். அக்கா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நீ கோபத்தில் லீவு போட்டு ஓடிவந்து கைநீட்டாதே, இந்த வீட்டில் அடிதடி போதும். வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு என்று இருக்கிற ஒரு கையால் ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாப்பிள்ளையின் அம்மா உனக்குப் போன் பண்ணுவாள், புள்ளைக்கு அப்பா வேணுமே என்று அழுவாள், வழக்கை வாபஸ் வாங்க அக்காவிடம் பேசச் சொல்வாள். அதற்குப் பிள்ளையே பதில் கொடுத்துவிட்டாள் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா