பின்கட்டிலுக்கு அடியில் நான் வைத்தது

அடிலெய்ட்,
செப்டம்பர் 9

அன்பு மகள் டீகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் கேலமும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், தினமும் கண் விழிக்கும்போது எனக்கு அந்த நினைப்புதான். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. போன வாரம் போனில் அவர் உன்னிடம், கேரவன் படியில் கால் வழுக்கிவிட்டது, நாலு நாளில் சரியாகிவிடும் என்றாரே, அது பொய். பக்கத்தில் நின்று நானும் ஆமாம் போட்டேன். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நினைத்தோம். நேற்று நீ "அப்பா குரலே சரியில்ல, என்னமோ மறைக்கிறீங்க" என்றதும் எனக்கு மனசு கேட்கவில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

குளிர்காலம் வந்தால் நாங்கள் கேரவனைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வடக்கே வெயிலைத் தேடிப் போவது உனக்குத் தெரியும். சாமான் ஏற்றுவது எப்போதும் அப்பா வேலை. கனமானதெல்லாம் சக்கரத்துக்கு நேர் மேலே தரையோடு, ஓரங்களில் போர்வை தலையணை மட்டும், தட்டுகளுக்கு நடுவே துண்டு, அலமாரிக் கதவுக்குப் பட்டை. இந்த வருஷம் அவருக்குத் தோள்வலி, அதனால் நான் ஏற்றினேன். உன் பிள்ளைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆசைப்பட்டு அந்தப் பழைய இரும்புத் தையல் மிஷினையும் எடுத்துக்கொண்டேன். பார்த்தால் இறக்கச் சொல்வார் என்று பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, நகராமல் இருக்க நிரம்பிய இரண்டு தண்ணீர்க் கேன்களை அண்டக்கொடுத்து, பட்டை போட்டு இறுக்கிக் கட்டினேன். கட்டியதில் குறையில்லை டீகன், வைத்த இடம்தான் தப்பு. கிளம்பும்போது அவர் "பின்னாடி கனமா எதுவும் வைக்கலையே க்ளெனிஸ்?" என்று கேட்டார். "உங்க சந்தேகத்தைத்தான் வச்சிருக்கேன், அதுதான் கனம், ஏறுங்க" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு ஏறினார்.

பிம்பா ஊரைத் தாண்டி இருபது நிமிஷம் இருக்கும், மூன்று பெட்டி கோத்த லாரி ஒன்று எங்களை முந்தியது. அதன் காற்று பட்டதும் கேரவன் வாலை ஆட்ட ஆரம்பித்து, அப்புறம் காரையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தது. பின்னால் கனம் கூடினால் அப்படித்தான் ஆகுமாம். அப்பா பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி "பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். கேரவன் கவிழ்ந்து காரையும் புரட்டிவிட்டது. எனக்கு நெற்றியில் ஆறு தையல். அவருக்கு இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்து, விமானத்தில் இங்கே கொண்டுவந்து தகடு வைத்திருக்கிறார்கள். இனி ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதைவிட என்னை அறுத்தது வேறு. யார் வந்து கேட்டாலும் அவர் "நான்தான் வேகமா போயிட்டேன், வயசாச்சு, கை தப்பிடுச்சு" என்றே சொன்னார். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், ஒரு பிள்ளைக்குக் கீறல் படவில்லை. கேரவனைத் தூக்கி வந்த மெக்கானிக் என்னைத் தனியே கூப்பிட்டு "இந்த மிஷின் எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்போதே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை, ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் தாளை வரவழைத்துக் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். பேனாவைக் கொடுக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்ப நான் வேகமா ஓட்டலையா?" என்றார். இல்லை மெர்வ், தொண்ணூறுதான் என்றேன். அதையே இன்னும் இரண்டு தரம் கேட்டார். பிறகு அழுதார் டீகன், உன் தாத்தா செத்தபோதுகூட அப்படி அழாதவர். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. நான் நீட்டிய தேநீரை வாங்காமல், நர்ஸ் கொடுத்ததும் குடித்தார்.

உன்மேல் ஒரு பழியும் இல்லை, உனக்காகத் தைக்கப் போனதால்தான் என்று நினைத்து அழுதால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மாடிப்படியில் பார்த்து இறங்கு, இரும்பு மாத்திரையைத் தவறவிடாதே, கேலமை அதட்டாதே. கடவுள் உன்னையும் பிள்ளையையும் கைவிடாமல் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மறக்காமல் கூப்பிடு. அம்மாமேல் கோபப்படாதீங்க என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. அவர் கோபப்படட்டும். இத்தனை நாள் அதைத் தன்மேலேயே வைத்திருந்தார்.

உன் அம்மா,
க்ளெனிஸ்