பழைய லேப்டாப்பும் அறுநூறு லிட்டர் பாலும்

சுத்துக்கேணி,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நடுநடுவே சண்டையும் போட்டுக்கொண்டு நலமாகவே இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் நீ ஏதாவது கேட்பாய், நான் மறந்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை இடி இடித்ததில் பால் சொசைட்டியில் குளிரூட்டும் டேங்க் நின்றுவிட்டது. உள்ளே அறுநூறு லிட்டர் பால். மத்தியானம் லாரி வருவதற்குள் நாலு டிகிரிக்கு வராவிட்டால் எடுக்க மாட்டார்கள். கரண்ட் இருக்கிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது, எத்தனை டிகிரிக்குக் குளிர வேண்டும் என்று பதிந்து வைத்த கணக்குதான் அழிந்துபோனது, அதைக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து மறுபடி போட வேண்டும். சொசைட்டியின் புது லேப்டாப்பில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. செயலாளர் சிவப்பிரகாசம் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவனோ, "அது பழைய பிரவுசர்லதான் சார் தெறக்கும், இப்ப அது எங்கயும் இல்ல, புது கன்ட்ரோலர் வர பத்து நாள் ஆவும்" என்று சொல்லிவிட்டான். காசம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள், அவளுடையது மட்டுமே பதினெட்டு லிட்டர்.

நான் கேன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போய், "எங்க வூட்டுல இருக்கு சார்" என்றேன். "இன்னா இருக்கு?" என்றார். நீ காலேஜ் படிக்கும்போது லீவுக்கு வந்து இதே டேங்கைச் சரிசெய்து கொடுத்தாயே, அந்த லேப்டாப் என்றேன். அப்பா சைக்கிளில் போய் எடுத்து வந்தார். நெட் கொடுக்காதே, அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று அமுக்கு என்று நீ சொன்னதை ஒருநாளும் மீறியதில்லை. பாட்டரி செத்துவிட்டது, சார்ஜரில் போட்டால்தான் உயிர் வரும்.

சிவப்பிரகாசமே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க" என்றார். ஏழு வருஷமாக அந்த அறையைக் கூட்டுகிறேன், அன்றுதான் உட்கார்ந்தேன். டேங்கின் ஒயரைச் சொருகி, திரையில் பழைய பிரவுசரின் நீல 'e' எழுத்தைத் தொட்டேன், பக்கம் திறந்தது. பாஸ்வேர்டை நீ சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் அடிப்பாய், எனக்கு மனப்பாடம். நாலு என்று போட்டு அமுக்கினேன். டேங்க் உறுமியது. பதினொன்று, ஒன்பது, ஆறு என்று இறங்குவதை எல்லாரும் நின்று பார்த்தார்கள். லாரி வரும்போது நாலு.

கூட வேலை பார்ப்பவர்களெல்லாம் புதுசு புதுசாகச் செய்கிறார்கள், நான் மட்டும் ஆஸ்பத்திரியில் பழைய ஸ்கேன் மெசினுக்குப் பழைய பிரவுசரைக் காவல் காக்கிறேன் என்று போன மாதம் போனில் அழுதாயே, அதை நினைத்துக்கொண்டேதான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அங்கே எத்தனை பேர் உன்னால் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்களோ, அவர்களுக்கு உன் பேர்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பெற்ற பிள்ளை என்று நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன்.

நேற்று பதிவேட்டில் என் பேருக்கு எதிரே 'துப்புரவு' என்றிருந்ததை அடித்துவிட்டு 'மெசின் ஆபரேட்டர்' என்று எழுதினார் சிவப்பிரகாசம். அப்பா இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார், தண்ணீர் குடிக்கப் போனாராம்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. அந்தப் பிரவுசரை இன்னொரு பென்டிரைவிலும் போட்டு, வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பு, ஒன்றை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. மாதா உன் கூடவே இருப்பாள்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும் அம்மா,
ஆரோக்கியசெல்வி