பால்குடம் எடுத்தவள் பெட்டியும் தூக்குவாள் என்று முடிவு கட்டியது குறித்து

அனுப்புநர்:
தேன்மொழி த/பெ ஐயாசாமி,
தாமான் செம்பாக்கா, கூலாய், ஜொகூர்.

பெறுநர்:
தொழிலாளர் இலாகா அதிகாரி அவர்கள்,
கூலாய்.

பொருள்: நாட்பட்ட சோர்வு நோயைச் சோம்பல் என்று எழுதி, என்னை வேலையிலிருந்து நீக்க முயல்வது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பிரிவில் இருக்கிறேன். சென்ற ஆண்டு வந்த காய்ச்சல், போகும்போது என் தெம்பையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தூங்கினாலும் தீராத சோர்வு.

2. இது நாட்பட்ட சோர்வு நோய் என்றார் சிறப்பு மருத்துவர். உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாதான் உடம்புக்குச் சக்தி தயாரிக்கிறதாம். அடுப்பு எரிந்தால் புகை வருவதுபோல அங்கேயும் கழிவு உண்டு. உடம்பே அதைத் துடைத்துவிடும். என் போன்றவர்களுக்குச் சக்தி குறைந்து, புகை மிகுந்துவிடுகிறது என்று சந்தேகிக்கிறார்கள். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று அதற்குப் பெயர். ஆய்வு முடியவில்லை, உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனையும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் தங்கள் இலாகா தலையிட முடியாது என்பதை அறிவேன். மேற்பார்வையாளர் விஷயத்தில் தலையிடலாம் அல்லவா?

3. மேற்பார்வையாளர் திரு. மகேஸ்வரன் கெட்டவர் அல்லர். மைலோ பானம், இஞ்சித் தண்ணீர், காலை ஓட்டம் என்று எனக்கு வரிசையாக மருந்து சொன்னவர். ஓடத் தெம்பிருந்தால் வேலைக்கே ஓடி வந்திருப்பேன்.

4. தைப்பூசத்தில் நான் பால்குடம் எடுத்த படம் அவர் கைப்பேசிக்குப் போய்விட்டது. "அலமாக்! பால்குடம் தூக்க முடியுது, பெட்டி தூக்க மட்டும் முடியலையா லா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. சோம்பல் என்று அவர் எழுதிய அறிக்கையில் அந்தப் படம் இப்போது என் உடல்தகுதிக்குச் சான்று. இந்த நோய் தீரத்தான் அந்த நேர்த்திக்கடன், ஐயா. அதற்காகப் பல நாள் படுத்துக் கிடந்து தெம்பு சேர்த்தேன். உழைத்த அன்று விட்டுவிட்டு மறுநாள் ஆளைச் சாய்க்கும் நோய் இது. மறுநாள் தலை வாரக் கை எழவில்லை. கணவர் வசந்தன்தான் சோறு ஊட்டினார். அதை யாரும் படம் எடுக்கவில்லை. முருகன் பார்த்திருப்பார், அவரைச் சாட்சிக்கு அழைக்க விதி உண்டா, தெரியவில்லை.

5. அடுத்த வாரம் தொழிற்சாலை கிளினிக்கில் என்னை மாடிப்படி ஏறச் சொல்லிப் பார்ப்பார்களாம். ஏறிவிட்டால் பொய்க்காரி என்று வேலை போய்விடும். ஏறிவிடுவேன், ஐயா. அதுதான் பயம்.

சும்மா சம்பளம் கேட்கவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு என்னை மாற்றச் சொல்லுங்கள். அதை ஆசையோடு செய்வேன். தாங்கள் விசாரணைக்கு அழைத்தால் புடவை கட்டி, பொட்டு வைத்து, நன்றாகத்தான் வந்து நிற்பேன். அதைப் பார்த்து முடிவு எழுதிவிடாதீர்கள். மறுநாள் ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள். வசந்தன் கதவைத் திறப்பார். நான் எழுந்து வந்து வரவேற்காததை மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

தங்கள் நியாயத்தை நம்பியிருக்கும்,
தேன்மொழி
(கையொப்பம்)

இடம்: கூலாய்
நாள்: 24.2.2026