வேடியப்பன் முன்னால் மூன்று கைடு

அன்பு மகள் கலைவாணிக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, மாடு இரண்டு, அடைகாக்கிற கோழி, கடைசியில் உன் தங்கை அன்பரசி, எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். அந்தப் பனியில் நீயும் காதுக்குக் குல்லா, காலுக்கு உறை, வயிற்றுக்குச் சூடாக ஏதாவது என்று ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேடியப்பனைக் கும்பிட்டுக்கொள்கிறோம். (அக்கா, என்னைக் கோழிக்குப் பின்னால் வைத்தது அம்மா. வரிசையை நான் மாற்றவில்லை. இந்த மாதிரி அடைப்புக்குள் வருவதெல்லாம் நான், வெளியே இருப்பதெல்லாம் அம்மா. அம்மா ‘வூடு’ என்பாள், நான் ‘வீடு’ என்று எழுதுவேன். வீடு கட்டித் தருகிற எனக்குக் கூலி கிடையாது.)

போன வாரம் முகாமிலிருந்து நீ பேசினாயே, பாப்பா அரையாண்டில் கம்ப்யூட்டர் பாடம் தேறிட்டாளா, கடைசியில எந்தக் கைடு வாங்கினீங்க என்று கேட்டாய், நாங்கள் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு இதையே நினைத்து நிற்பாயே என்று. அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன், தேறிவிட்டாள். எழுபதுக்கு நாற்பத்தாறு. மூச்சை விட்டுவிட்டு மீதியை நிதானமாகப் படி.

காலாண்டில் அவள் வாங்கிய மார்க் உனக்குத் தெரியும். (தெரியாவிட்டால் அப்படியே இருக்கட்டும்.) அந்தப் பாடத்துக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய் வேறு ஆள் வரவில்லை, இவளும் அதைத் திருவிழா மாதிரிக் கொண்டாடிக்கொண்டு இருந்துவிட்டாள். மார்க்கைப் பார்த்ததும் உன் அப்பா, அரையாண்டுலயும் இப்படி வந்தா பொங்கல் முடிஞ்சதும் குடகுக்குக் கூட்டிட்டுப் போய்டுவேன், காப்பிப் பழம் பறிக்கக் கைடு வேணாம் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா, ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரியிடம் எங்கள் வீட்டில் இரண்டு பேர் என்று பெயரும் கொடுத்துவிட்டார். நீ அவரோடு சண்டை பிடித்து அவளைக் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்த்தது என் கண் முன்னால் வந்து வந்து போனது. குடகுக்கு ஒரு தடவை இறங்கின பிள்ளைகள் திரும்பப் பள்ளிக்கூடம் போனதை நான் பார்த்ததில்லை. நான் அழுத அழுகையில்தான், சரி, ஒரு நல்ல கைடு வாங்கித் தர்றேன், அதுக்கு மேல அவ பாடு என்று இறங்கி வந்தார்.

அப்பாவும் அவளும் அமிர்தி வழி பஸ்ஸில் கண்ணமங்கலம் போனார்கள். அங்கே ஜீவானந்தம் என்பவருடைய புத்தகக் கடையில் இரண்டு கைடு எடுத்துப் போட்டாராம். ஒன்று செங்கல் மாதிரி, எல்லாப் பாடத்துக்கும் கேள்வி, பதில், விளக்கம், விளக்கத்துக்கு விளக்கம். இன்னொன்று அப்பளம் மாதிரி, முக்கியமான கேள்வி மட்டும். அப்பா இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து, கனமா கீறதுதான் நல்லது என்றார். இவள், தூக்கிப் பாத்து வாங்கறதுக்கு இது இன்னா பலாப்பழமா, படிக்கப் போறது நான் என்றாளாம். கடைக்காரர் இவர்கள் சண்டையைத் தாங்க முடியாமல், ரெண்டையும் எடுத்துக்கினு போங்க, பேனா படாம பாத்துட்டு ஒண்ணை அடுத்த வாரம் திருப்பிக் குடுங்க என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் மூன்றாவது கைடு என்னிடம் இருந்தது, நீ படித்துத் தேறினாயே அதேதான், பெட்டிக்குள் வேப்பிலை போட்டு வைத்திருந்தேன். ராசியான புத்தகம் கையில் இருக்கும்போது புதிது எதற்கு என்றேன். பாடமே மாறிப்போச்சும்மா, அக்கா படிச்சது சி பிளஸ் பிளஸ், இப்ப பைத்தான் என்றாள். பைத்தான்னா இன்னாடி என்றேன். மலைப்பாம்பு என்றாள். பள்ளிக்கூடத்தில் எதற்கடா அதைப் போய் வைத்தார்கள் என்று எனக்குத் திக்கென்றது. (அகராதியைப் பார் அக்கா, அர்த்தம் சரிதான். சாமைக் கொல்லையில் நிஜமாகவே ஒன்று வந்ததிலிருந்து அம்மா என் பாடப்புத்தகத்தைத் துடைப்பத்தால்தான் நகர்த்துகிறாள்.)

மூன்று பேரும் மூன்று பக்கம் இழுத்ததால், வேடியப்பன் கோயிலில் பூப் போட்டுக் கேட்டுவிடுவோம் என்று முடிவாகியது. வெள்ளைப் பூ வந்தால் உன் பழைய கைடு, சிவப்பு வந்தால் செங்கல், மஞ்சள் வந்தால் அப்பளம். பூவை இலையில் மடித்துக் கட்டுகிற வேலையை இவளிடம் விட்டது என் புத்தி கெட்ட வேலை. பூசாரி மணிவேல் பொட்டலங்களைச் சாமி காலடியில் வைக்க, நாங்கள் கோயிலைச் சுற்றி வந்து நின்றோம். பக்கத்து வீட்டு ரஞ்சிதத்தின் சின்னப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள். இவள் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே, அவ்வளவு பக்தி. நாங்கள் திருநீறு வாங்குகிற நேரத்தில் அந்தக் குழந்தை விளையாட்டாக மற்றப் பொட்டலங்களையும் பிரித்துவிட்டது. மஞ்சள். இன்னொன்றும் மஞ்சள். சாமியிடமே தன் வேலையைக் காட்டியிருக்கிறாள் உன் தங்கை. (அக்கா, இத்தோடு நிறுத்துடி என்கிறாள் அம்மா. குழந்தை நிறுத்தவில்லையே, நான் எப்படி நிறுத்துவது? நான் கட்டியது மூன்று பொட்டலம். அங்கே நாலாவது ஒன்று இருந்தது, உள்ளே வெள்ளை. ஐந்தாவதும் இருந்தது, உள்ளே சிவப்பு. அம்மா விளக்கைப் பார்த்தாள். அப்பா கூரையில் ஓடு எண்ணினார். சுற்றி வரும்போது ஆளுக்கொன்று நைசாக வைத்திருக்கிறார்கள்.) சரி, எழுதிவிட்டாள், இருக்கட்டும். உன் பெயர் உள்ள புத்தகம் தோற்கக் கூடாது என்று ஒரு பூ கூடுதலாக வைத்தேன், அது தப்பா?

பூசாரிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. உன் அப்பாவைப் பார்த்து, ஏம்பா சின்னராஜ், சாமிகிட்ட கேக்க வந்தீங்களா, கள்ள ஓட்டுப் போட வந்தீங்களா என்றார். மூன்று பேருக்கும் அபராதம் விதித்தார். பரீட்சை முடிகிற மட்டும் தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எண்ணெயோடு வந்து, யார் எந்தக் கைடுக்குப் பூ வைத்தார்களோ அதைக் கையில் வைத்துக்கொண்டு சாமி முன்னால் உட்கார வேண்டும், இவள் பாடம் சொல்ல வேண்டும், சாமி கேட்டுக்கொள்ளும் என்றார். மறுக்க எங்களுக்கு முகம் ஏது. அப்பா செங்கலை மடியில் வைத்து எழுத்துக் கூட்டிக் கேள்வி கேட்பார். அப்பளத்தை மட்டும் படித்துவிட்டு வந்தவள் பாதிக் கேள்விக்கு விழித்தாள். இரண்டு நாள் விழித்துப் பார்த்துவிட்டு, அப்பா அந்தக் கைடைக் குடு, படிச்சிட்டுத் தர்றேன் என்று அவளே கேட்டு வாங்கினாள். லிஸ்ட் என்றால் உள்ளே இருப்பதை மாற்றலாம், டியூப்பிள் என்றால் மாற்றவே முடியாது என்று ஒரு நாள் ஒப்பித்தாள். உன் அப்பா என்னைக் காட்டி, அப்ப உங்கம்மா டியூப்பிளு என்றார். பூசாரிகூடச் சிரித்தார், நான் இன்னும் மறக்கவில்லை. உன் கைடில் கேட்க ஒன்றுமில்லை, பாடம் வேறு, ஆனாலும் அபராதம் என்பதால் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (சும்மாவா? நான் தடுமாறினால் அதாலேயே ஒரு போடு. மூன்று கைடில் நேராக என் மண்டைக்குள் இறங்கியது உன்னுடையதுதான் அக்கா.) செங்கல் மேல் விளக்கு எண்ணெய் சிந்திவிட்டதால் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, இரண்டும் நம்மிடமே தங்கிவிட்டன.

மார்க் வந்த அன்று பேப்பரை அப்பா கையில் கொடுத்தாள். பார்த்தார், மடித்துக் கொடுத்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மறுநாள் மேஸ்திரி வந்து, பொங்கலுக்கு அப்புறம் வண்டி வருது, உங்க வூட்ல ரெண்டு பேர்தானே என்று கேட்டார். அப்பா, ஒண்ணுதான், பொண்ணுக்கு வேலை கீது என்றார். இன்னா வேலை என்றார் மேஸ்திரி. சாமிக்குப் பாடம் சொல்லணும் என்றார் உன் அப்பா. அவ்வளவுதான் கலை, என் நெஞ்சில் இருந்த பாறை உருண்டு போய்விட்டது. (அம்மா மூக்கைச் சிந்தியதால் இங்கே சிறிது இடைவேளை. நானும் சிந்தினேன். எனக்கு ஜலதோஷம்.)

இனி நீ கவலை இல்லாமல் நில்லு, நின்றாலும் பனியில் வெறும் காதோடு நிற்காதே. சாமை அரிசியும் தேனும் புளியும் இதோடு வருகிறது, தேன் பாட்டிலைத் தலைகீழாக வைக்காதே. முழுப் பரீட்சை மார்ச்சில், அப்பா குடகில் இருப்பார், அதனால் செங்கல் என் மடிக்கு வருகிறது. எனக்கு எழுத்து தெரியாதே என்றேன். நீ மொறைச்சாவே பதில் வந்துடும் என்கிறார். லீவில் வரும்போது உனக்கும் ஒரு நாள் அபராதம் இருக்கிறது என்று பூசாரி சொல்லச் சொன்னார், தோற்ற கைடுக்குச் சொந்தக்காரி நீதானே. வேடியப்பன் உன் பக்கத்திலேயே நின்று காவல் காக்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இரு தாயி.

இப்படிக்கு,
உன் அம்மா அம்சவல்லி

(எழுதியது அன்பரசி. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது அக்கா. கை அம்மாவுடையது, இவ்வளவு நேரமும் என் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.)