நீங்கள் கூப்பிடாத பெயர்

போலுங்கார்விக், ஐஸ்லாந்து
பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

ரோய் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். மூரோஸில் மழை விடவேயில்லை என்று அம்மா சொன்னாள். துறைக்கு இறங்கும் சரிவில் பாசி பிடித்திருக்கும். கைத்தடி இல்லாமல் போகாதீர்கள்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லி, அவள் உங்கள் காதில் கத்துகிற செய்தி இல்லை இது. கப்பலின் எஞ்சின் அறை உங்கள் காதைத் தின்றுவிட்டது, கண்ணையாவது விட்டுவைத்ததே. அதனால்தான் கடிதம்.

உங்கள் பேத்திக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் சன்னலில் வெளிச்சம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள். நவம்பரில் மலைக்குப் பின்னால் மறைந்துபோன சூரியன் போன மாதக் கடைசியில்தான் திரும்பி வந்தது. பிறந்த சில வாரங்களிலிருந்தே இருட்டைப் பார்த்தவள் அன்று சுவரில் விழுந்த மஞ்சள் வெளிச்சத்தைக் கண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் மருமகள் ஹால்வெய்க் அவளைத் தூக்கிச் சன்னலோரம் கொண்டுபோனாள்.

ஒவ்வொரு முறையும் அம்மா கேட்கிறாள்: "நாய்க்குட்டிக்குக்கூட வீட்டுக்கு வந்த அன்னிக்கே பேர் வச்சிடுவோமேடா. பிள்ளை இன்னும் பேர் இல்லாமயா கெடக்கு?" இந்த ஊர் வழக்கம் அப்படி. ஆறு மாதம் வரை சட்டமே அவகாசம் கொடுக்கிறது. பிள்ளையின் முகம் தெரிந்த பிறகு வைப்பார்கள். வைக்கும் நாள்வரை வெளியே சொல்லவும் மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். மாமனார் ஸ்டெயின்கூட அவளை "ஏய் பொண்ணு" என்றுதான் கூப்பிடுகிறார்.

ஆனால் அவள் இரண்டு நாட்டுக் குடிமகள். இங்கே பதிந்தால் போதாது, நம் நாட்டுத் தூதரகத்திலும் பதிய வேண்டும். போன வாரம் அங்கே தொலைபேசியில் பேசினேன். எடுத்தது நம் கேலிசியப் பெண்மணி, லூகோ ஊர்க்காரராம். நம் சட்டப்படி அப்பாவின் குடும்பப்பெயர் ஒன்று, அம்மாவின் குடும்பப்பெயர் ஒன்று வேண்டும் என்றார். தூபியோ, ஸ்டெயின்ஸ்டோத்திர் என்று சொன்னேன்.

"அந்த ரெண்டாவது பேருக்கு அர்த்தம் ஏதாவது உண்டா தம்பி?"

"ஸ்டெயினோட மகள்னு அர்த்தம். இங்க குடும்பப்பெயரே கெடையாதும்மா. யாரோட பிள்ளைன்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப உங்க மகளும் ஸ்டெயினோட மகளா? அம்மாவும் பொண்ணும் அக்கா தங்கச்சியா ஆயிடுவாங்களே!"

"நான் என்னம்மா செய்யட்டும், சட்டம்தான் அப்படிச் சொல்லுது" என்றேன். அவர் சிரித்துச் சிரித்து இருமவே தொடங்கிவிட்டார்.

ஸ்டெயினிடம் இதைச் சொன்னபோது அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வயசுல எனக்கு இன்னொரு பொண்ணா? மாப்ளே, ஊருக்குள்ள சொல்லிடாதீங்க. என் மானம் போயிரும்" என்றார்.

இங்கே அவள் ரோய்ஸ்டோத்திர். ரோயின் மகள். அதைத் தாளில் முதல் முறை எழுதிப் பார்த்த அன்று தாள் நிறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தேன், அப்பா. நம் தூபியோ என்னும் பெயர் எனக்கு முன்பும் இருந்தது, எனக்குப் பின்பும் இருக்கும். ஆனால் நீங்கள் எனக்கு வைத்த அந்தச் சின்னப் பெயரை ஒரு உயிர் சாகும்வரை தாங்கப் போகிறது என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அங்கே அவளுக்கு ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கி வைத்துக்கொண்டால் போதுமாம்.

பின்பெயர்ச் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. முன்பெயரைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வேண்டும்.

போன ஜூனில் ஒரு பிற்பகல் ஹால்வெய்க் சோபாவில் கண்ணயர்ந்தாள். எழுந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கனவைச் சொன்னாள். சமையலறையில் ஓர் இளைஞன் நின்றானாம். மஞ்சள் மழைக்கோட்டு, தரையெல்லாம் தண்ணீர் சொட்டியதாம். மேசையிலிருந்த ரொட்டியின் நுனியைப் பிய்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அவள் வயிற்றைப் பார்த்து, "எனக்கு எடம் இருக்கா?" என்று கேட்டானாம். நீ யார் என்று கேட்டாளாம். அவன் சொன்ன பெயரில் பாதிதான் அவளுக்கு நினைவிருந்தது. "உஷீ... உஷீன்னு என்னமோ சொன்னான், ரோய். கூழாங்கல் மேல அலை பின்வாங்குற மாதிரி இருந்துச்சு."

அப்பா, எனக்கு ஓர் அண்ணன் இருந்தான், கடலோடு போய்விட்டான் என்பதுதான் அவளுக்குத் தெரியும். நம் வீட்டில் பேசாத பெயரை நான் எந்த வீட்டிலும் பேசியதில்லை. கடலுக்குப் போகுமுன் அண்ணன் ரொட்டி நுனியைப் பையில் திணித்துக்கொள்வதை அம்மாவும் நீங்களும் நானும் தவிர யார் அறிவார்கள்?

நான் தூக்கத்தில் உளறியிருக்கலாம் என்று ஹால்வெய்க்கே சொல்கிறாள். இருக்கலாம். ஸ்டெயின் மட்டும் ஆச்சரியப்படவில்லை. "பேர் கேட்டு வந்திருக்கான். செத்தவங்க கனவுல வந்து பிள்ளைக்குத் தன் பேரக் கேக்கறது இங்க நடக்கறதுதான். கேட்டு வந்தவன வெறுங்கையோட அனுப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

பிறந்தது பெண். ஆகவே அண்ணனின் உஷீயோ இல்லை, அதன் பெண் வடிவம் உஷீயா. எழுதிவிட்டேன். இதற்கு மேல் படிக்க முடியாவிட்டால் மடித்து வைத்துவிட்டு நாளைக்குப் படியுங்கள்.

இங்கே வழக்கத்தில் இல்லாத பெயர் என்றால் ஒரு குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இவர்கள் எழுத்துமுறைக்குப் பொருந்த வேண்டும், வேற்றுமை ஏற்று வளைய வேண்டும். நம் கேலிசிய மொழிப் பெயர் எங்கே வளையப் போகிறது என்று நினைத்துத்தான் அனுப்பினோம். அதில் உள்ள ஒவ்வோர் எழுத்தும், தலைக்கோடு போட்ட அந்த 'ஈ'கூட, இவர்கள் அரிச்சுவடியில் இருக்கிறதாம். முடிவில் உள்ள 'ஆ', வேற்றுமை ஏற்கும்போது, இவர்கள் வீட்டுப் பெண் பெயர்களைப் போலவே 'ஊ' என்று திரும்புகிறதாம். ஒப்புதல் வந்துவிட்டது. நடுவில் உள்ள எக்ஸ் எழுத்தை நாம் 'ஷ்' என்போம், இவர்கள் 'க்ஸ்' என்பார்கள், அவ்வளவுதான். இத்தனை தூரத்தில், ஒரு சொந்தமும் இல்லாத மொழியில், அந்தப் பெயருக்கு ஓர் இடம் தயாராக இருந்திருக்கிறது, அப்பா.

அம்மா எப்போதோ சொன்னாள். அண்ணன் பிறந்தபோது பதிவாளர் பழைய பழக்கத்தில், உஷீயோவை அரசாங்க மொழியில் எவுஹேனியோ என்று எழுதப் போனாராம். "ஷூர்ஷோவான என்னை ஹோர்ஹேன்னு எழுதினீங்க, சின்னப்பிள்ளை, வாய் பேச முடியல. எம் மகனுக்கு எக்ஸ் போட்டு எழுது, இல்லேன்னா பேனாவ இங்க குடு" என்று மேசையைத் தட்டினீர்களாம். அப்படிப் போராடி வாங்கிய பெயர்.

அதை அண்ணன் போன அன்றைக்குக் கடலில், படகைக் கரைக்குத் திருப்ப மறுத்து, குரல் போகும்வரை கூவினீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. நீங்கள் கரைக்கு வந்தபோது வாயைத் திறந்தீர்கள், சத்தம் வரவில்லை. குரல் பிறகு திரும்பியது. அந்தப் பெயர் திரும்பவில்லை.

உங்களைக் கேட்காமல் பதிய மாட்டேன். உங்கள் வீட்டில் கூப்பிட முடியாத பெயரோடு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்கு வர எனக்கு மனம் வராது. வேண்டாம் என்றால் ஒரு வரி போதும். வேறு பெயர் வைப்போம், எனக்கு வருத்தம் இருக்காது. ஏப்ரலுக்குள் பதிய வேண்டும்.

எது எழுதினாலும் அவளுக்கு உங்கள் ஆசியைச் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் மகன்,
ரோய்

மூரோஸ்
மார்ச் 2

மகன் ரோய்க்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நானும் அம்மாவும் நலம். பிடிபடும் ஆக்டோபஸ் எல்லாம் சின்னதாக இருக்கிறது. நான் சரிவில் இறங்குவதில்லை, மேலே நின்று மற்றவர்களுக்கு வழி சொல்வதோடு சரி.

அம்மாவின் கண்ணாடி உடைந்துவிட்டது. அதனால் உன் கடிதத்தை நான்தான் அவளுக்கு உரக்கப் படித்தேன். கனவு வந்த இடத்தில் நிறுத்தி, சமையலறையில் போய்த் தண்ணீர் குடித்தேன். ரொட்டி மேசையில் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, அடுத்ததையும் படித்தேன்.

அந்தப் பெயரை ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேனாம். எதிர்வீட்டு தோரிந்தா சன்னலைத் திறந்து, "கார்மே, யாரைக் கூப்பிடறாரு? யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டாளாம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே வந்து, "இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன்.

அந்தப் பெண் ஹால்வெய்க்கிடம் கேள். அவன் முகம் எப்படி இருந்தது, குளிரில் இருந்தானா. அவள் சொல்வதை அப்படியே எழுது.

பதிந்துவிடு. இங்கே தூபியோ, அங்கே ரோயின் மகள், இரண்டும் சரிதான். எக்ஸை மட்டும் விடாதே. எவனாவது மாற்றி எழுதினால் எனக்குச் சொல், நான் கப்பலேறி வருகிறேன். ஸ்டெயினுக்கு என் வணக்கம். அவர் சொன்னது சரி.

அவள் நூறாண்டு வாழ வேண்டும். கரையில் வாழ வேண்டும்.

கோடையில் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குள் எனக்கு ஒன்று எழுது. இந்த வயதுப் பிள்ளை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்குமா?

உன் அப்பா,
ஷூர்ஷோ தூபியோ